பூட்டிட்டாங்களாம்

எங்கள் துறையில் எனக்கு 'ஆம் மேடம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவள் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்தால் போதும், அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெயர் வந்தது என் ஆராய்ச்சியால். 'வந்தார்' என்பதற்கும் 'வந்தாராம்' என்பதற்கும் நடுவே இருக்கிற அந்த 'ஆம்'தான் என் பிழைப்பு. கண்ணால் பார்த்தால் வந்தார். யாரோ சொல்லித் தெரிந்தால் வந்தாராம். நீங்களும் நானும் இதை யோசித்துப் பேசுவதில்லை, தானாக வாயில் வந்துவிடுகிறது. குழந்தைக்கு அப்படியில்லை. ஒரு விஷயம் நினைவில் இருப்பது ஒன்று, அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பது நினைவில் இருப்பது இன்னொன்று. இரண்டாவது மெதுவாகத்தான் வளர்கிறது. ஒரு பெட்டிக்குள் பொம்மைத் தவளையை வைத்து ஒரு பிள்ளைக்குத் திறந்து காட்டுவேன், இன்னொரு பிள்ளைக்கு வாயால் மட்டும் சொல்வேன். பிறகு இரண்டையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பெட்டிக்குள்ளே என்ன என்று கேட்பேன். 'தவளை இருந்துச்சு' என்கிறதா, 'தவளை இருந்துச்சாம்' என்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று என் அண்ணன் கேட்பான்.

பிள்ளைகள் இந்த 'ஆம்'மை விளையாட்டிலும் போடுவார்கள். "நான் டாக்டராம், உனக்கு வயித்துவலியாம், ஊசின்னதும் நீ ஓடிடுவியாம்." இதில் பொய் எதுவும் இல்லை. இது விளையாட்டு, நிஜமில்லை என்று நாலு வயதுப் பிள்ளை வாசலிலேயே பலகை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறது. அந்தப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே போய் நின்று ஐயோ அம்மா என்று கத்துகிற பெரிய மனிதர்களை நான் பார்த்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம், மாடியில் நாங்கள். பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைகள் படியேறி வந்து, பொம்மைகள் நிறைந்த ஒரு அறையில் எங்களோடு பேசிவிட்டுப் போவார்கள். காப்பகத்தில் மதியம் அவர்களைத் தூங்க வைக்கிற அம்மாளுக்குப் பிள்ளைகளே வைத்த பெயர் தூங்கம்மா. "தூங்கும்மா, தூங்கும்மா" என்று முதுகில் தட்டித் தட்டியே வந்த பெயர். பெயரைக் கேட்டால் பூப்போலப் பேசுகிற ஆள் என்று தோன்றும். வாயா அது! செருப்பை இடம் மாற்றிப் போட்டால் கத்துவார். தாமதமாக வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிற பெற்றோரையும் விடமாட்டார். எங்கள் துறைத் தலைவர் ஒருமுறை ஷூவோடு மெத்தை மேல் ஏறி நின்றுவிட்டார் என்று பிள்ளைகள் முன்னாலேயே அவரை உரித்து எடுத்துவிட்டார். தலைவர் அதை மறக்கவில்லை.

பிள்ளைகள் என்னவோ அந்த வாயைச் சட்டையே செய்யாமல் அவர் மேல்தான் விழுந்து புரளும். என் அண்ணன் மகளை நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுவோம். உருண்டையாக இருப்பாள், ஓரிடத்தில் நிற்கமாட்டாள். வீட்டில் அவளைத் தூங்க வைப்பதற்குள் அண்ணிக்குப் பாதி உயிர் போய்விடும். காப்பகத்தில் தூங்கம்மாவின் தொடையில் கன்னத்தை வைத்த மாத்திரத்தில் கண்ணை மூடிவிடுவாள். அண்ணிக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சொந்தக்காரப் பிள்ளையை நான் என் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அதனால் பட்டாணி, தலைவர் நடத்துகிற பெரிய ஆய்வில் இருந்தாள். அவருடைய மாணவிதான் அவளிடம் பேசுவாள், பதிவு செய்வாள், கேட்டுத் தட்டச்சு செய்வாள்.

வெளியூரில் ஒரு கருத்தரங்கு முடிந்து நான் திரும்பிய மதியம், காப்பகத்தின் தூங்கும் அறையில் ஒரே களேபரம். ஒரு பிள்ளைகூடப் படுத்திருக்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண் நடுவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தூங்கம்மா எங்கே?" என்றேன்.

"அவங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க மேடம். யாரோ ஒரு குழந்தையை ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்களாம்."

"எந்தக் குழந்தையை?"

அவள் ஓரத்தில் கிடந்த ஒரு மெத்தையைக் காட்டினாள். காலியாக இருந்தது. அது பட்டாணியின் மெத்தை.

வந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஓடினேன். மாணவி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், பயந்த சுபாவம். பிள்ளை தனக்கு ஏதாவது தீங்கு நடந்ததாகச் சொன்னால் உடனே தலைவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவள் தெரிவித்திருக்கிறாள். தலைவர் அந்தப் பக்கத்தைத் தான் தலைமை வகிக்கிற காப்பகக் குழுவுக்கும் அண்ணிக்கும் அனுப்பியிருக்கிறார். தெரிவித்ததில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் தெரிவித்திருப்பேன். எதைத் தெரிவித்தாள் என்பதுதான் கேள்வி. காட்டச் சொன்னேன். சுத்தமாக, பிசிறில்லாமல் இரண்டு வாக்கியம்: 'தூங்கம்மா என்னை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் அழுதேன்.'

"பட்டாணி இப்படியா பேசினா? 'பூட்டிவிட்டார்'னா?"

"இல்ல மேடம். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழா மாத்தித்தான் தட்டணும்னு சார் சொல்லியிருக்கார்."

"பதிவைப் போடு."

போட்டாள். பட்டாணியின் கீச்சுக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தூங்கம்மா என்னை ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்களாம். நான் அழுதேனாம். நீங்க போலீஸாம். டொக் டொக்னு தட்டி, கதவைத் தொறப்பீங்களாம். வாங்கக்கா, எந்திரிங்க, நீங்கதானே போலீஸு!"

பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். அதன் பின்னால் பட்டாணி கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம். கதவு, பூட்டு, அழுகை, போலீஸ் என்று ஆளாளுக்கு வேஷம் பிரித்துக் கொடுத்துவிட்டு, போலீஸ் எழுந்து வரவில்லையே என்று அவசரப்படுத்துகிறாள் பிள்ளை.

"இந்தப் போலீஸ் எங்கே போச்சு?" என்றேன்.

"அது தொடர்பில்லாத பேச்சுன்னு விட்டுட்டேன் மேடம்."

"சரி. ஆம் எங்கே போச்சு?"

"எந்த ஆம் மேடம்?"

"பூட்டிட்டாங்களாம். அழுதேனாம்."

"ஓ, அதுவா? 'வந்து', 'அப்புறம்', 'ம்ம்' மாதிரி அசைச்சொல் எல்லாம் எடுத்துடணும் மேடம். ஆமும் அதுல சேர்த்திதான். எல்லாப் பதிவுலயும் அப்படித்தான் எடுக்கறோம்."

"எல்லாப் பதிவுலயுமா?"

"ஆமா மேடம்."

நான் பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தலைவரின் பெரிய ஆய்வு அறிக்கை போன வருடம் வெளியாகி, ஊரெல்லாம் கைதட்டல் வாங்கியது. அதன் சாரம் இவ்வளவுதான்: நம் பிள்ளைகள் தாங்கள் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பேச்சில் பிரித்துக் காட்டுவதே இல்லை, ரொம்பவும் பின்தங்கியிருக்கிறார்கள். படிக்கட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் காதில் விழுகிற 'ஆம்' இவர் காதில் மட்டும் எப்படி விழாமல் போகிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் பிரித்திருக்கின்றன. இவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார்கள். அழித்துவிட்டு, இல்லையே என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

தலைவர் தன் அறையில் பதிவைக் கடைசிவரை கேட்டார். பேனாவை மூடினார், திறந்தார்.

"குழந்தை போலீஸ்ங்குது பாருங்க. எவ்வளவு பயந்திருந்தா இந்த வயசுல போலீஸைக் கூப்பிடும்?"

"பயந்து கூப்பிடல சார், விளையாடக் கூப்பிடுது. சிரிக்குதே, கேக்கலையா?"

"சிலர் பயத்துலயும் சிரிப்பாங்க."

"'நீங்க போலீஸாம்'னு சொல்லுது சார். அந்தப் பொண்ணைப் போலீஸ்னு நினைச்சுக்கிட்டா சொல்லும்?"

"ஒரு ஆமுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? உங்களுக்கு உங்க ஆராய்ச்சி மேல பாசம் இருக்கலாம். அதுக்காக ஒரு குழந்தை சொல்றதைப் பொய்ங்கறீங்களா?"

"குழந்தை பொய் சொல்லல சார். நாமதான் சொல்றோம். அந்த 'ஆம்'மை உங்க ஆய்வுல எல்லாப் பதிவுலயும் எடுத்துட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா?"

அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது, என்னைவிட வேகமாகவே புரிந்துவிட்டது.

"இதை வெளியே பேச வேண்டாம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "அறிக்கை வந்து எல்லாரும் படிச்சாச்சு. இப்ப போய்த் தட்டச்சுல கோளாறுன்னு சொன்னா ஊரே சிரிக்கும். நம்ம துறை மானம் போயிடும்."

"கீழே ஒருத்தங்களுக்கு வேலையே போயிடுச்சு சார்."

"அவங்களுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தானே?"

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும், மனிதர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். மெத்தை மேல் ஷூவோடு நின்றதற்கு வாங்கிய திட்டு இன்னும் செரிக்கவில்லை. அதற்குப் பழிவாங்க ஒரு நாலு வயதுப் பிள்ளையின் வாயைக் கடன் வாங்கியிருக்கிறார். குழு கூடும்போது பதிவைப் போட்டுக் காட்டுவேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணன் வீடும் என் வீடும் ஒன்றுதான், அவர்கள் கீழே, நான் மாடியில். சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது அண்ணியின் அக்கா வந்திருந்தாள். பட்டாணியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"சொல்லு கண்ணு, பெரியம்மாகிட்ட சொல்லு. தூங்கம்மா உன்னை என்ன பண்ணினாங்க?" என்றாள் அண்ணி.

"பூட்டிட்டாங்க."

"உள்ளே எப்படி இருந்துச்சு?"

"இருட்டா இருந்துச்சு."

"அப்புறம்? மேல என்னமோ இருந்துச்சுன்னியே?"

"பல்லி. பெரிய பல்லி."

ஒரு இடத்தில்கூட ஆம் இல்லை. நான் ஊரில் இல்லாத நாளெல்லாம் இந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. இருட்டா இருந்துச்சா என்று யாரோ கேட்டபோது இருட்டு உள்ளே வந்திருக்கிறது. பூச்சி, பல்லி ஏதாவது இருந்துச்சா என்று கேட்டபோது பல்லி வந்திருக்கிறது. பட்டாணியின் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது. உதடு துடித்தது. நடிப்பு இல்லை அது. இப்போது அவளுக்கு அந்த இருட்டு தெரிகிறது, பல்லி தெரிகிறது. எத்தனையோ வருடமாக நான் தவளைப் பொம்மையை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிற, கேட்டது பார்த்ததாக மாறுகிற விஷயம், என் வீட்டுக் கூடத்தில், என் கண்ணெதிரே, என் சொந்த அண்ணன் மகளின் தலைக்குள் நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க முடியாமல் பையைத் தோளில் மாட்டியபடி நின்றேன்.

அண்ணியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன், இனிமே அவகிட்ட கேக்காதீங்க. கேக்கக் கேக்க அவளுக்கு நடந்த மாதிரியே ஆயிடும்."

"நடந்த மாதிரியா? நடந்துதான் இருக்கு. உங்க ஆபீஸ்லேருந்துதானே எழுதி அனுப்பினாங்க?"

"காப்பகத்துல கதவு போட்டது மெத்தை அடுக்கி வைக்கிற ரூம் ஒண்ணுதான், அதைப் போய்ப் பாத்தீங்களா? மெத்தையெல்லாம் வெளியே துருத்திக்கிட்டு நிக்குது. அந்தக் கதவைச் சாத்தவே முடியாது. அதுக்குப் பூட்டும் கிடையாது."

"அப்போ வேற ரூமா இருக்கும்."

"எந்த ரூம்?"

"அதைத்தான் அவகிட்ட கேக்கணும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாணவியிடமிருந்து போனில் வாங்கி வந்திருந்த பதிவைக் கேளுங்கள் என்று நீட்டினேன். அண்ணி கேட்க மறுத்துவிட்டாள்.

"உனக்கு உன் ஆம் பெருசா, உன் அண்ணன் பொண்ணு பெருசா?" என்று கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் அண்ணி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு தாயின் கையில் அப்படி ஒரு காகிதத்தைக் கொடுத்தால் அவள் வேறு என்ன செய்வாள்? அங்கேயே உட்கார்ந்திருந்த அண்ணன்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் தூங்கம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். குறுகலான சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"வாங்க மேடம். இங்கே எங்கேயாவது பூட்டு இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

அவரே மேலே பேசினார்.

"நான் கத்துவேன். ஆமா, கத்துவேன். இத்தனை பிள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் ஓடினா நான் என்ன பாட்டா பாடிக்கிட்டு இருக்க முடியும்? அதுக்காகப் பிள்ளையைப் பூட்டி வைப்பேனா? அதுவும் பட்டாணியையா?" சந்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் நடந்து போனா இந்தத் தெருப் பொம்பளைங்க பிள்ளையை இழுத்து இந்தப் பக்கம் விட்டுக்கறாங்க மேடம். ஆத்திர அவசரத்துக்கு என் மடியில போட்டுட்டுப் போனவங்கதான் எல்லாரும். எனக்கு வேற வேலை தெரியாது. இனிமே எந்த வீட்டுல என்னை நம்பிப் பிள்ளையைக் குடுப்பாங்க?"

பதிவில் இருந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "என்ன, அந்தப் பொண்ணு போலீஸாமா?"

"ஆமா."

தூங்கம்மா சிரித்துவிட்டார். "எங்கிட்ட விளையாடும்போது அவதான் போலீஸு. நான் திருடியாம். தினமும் என்னைத்தான் பிடிச்சு ஜெயில்ல போடுவா." சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்து, சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

குழு கூடியது. நீள மேஜை, தலைவர் நடுவில், இரண்டு பக்கமும் வேறு துறைப் பேராசிரியர்கள் இரண்டு பேர். மாணவி ஓரத்தில் உட்கார்ந்து நடப்பதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அண்ணி பட்டாணியோடு வெளியே காத்திருந்தாள். தூங்கம்மாவுக்குக் கதவருகே ஒரு நாற்காலி.

நான் பதிவைப் போட்டேன். விளக்கினேன். பெட்டி, தவளை எல்லாம் சொன்னேன். ஒருவர் ஆர்வமாகத் தலையாட்டினார். இன்னொருவர், "சிலருக்கு எல்லாத்துக்கும் ஆம் போட்டுப் பேசற பழக்கம் இருக்கும்ல?" என்றார். அது என்ன பழக்கம் என்று நான் கேட்டதும் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

"எதுக்கு இந்த வாதமெல்லாம்?" என்றார் தலைவர். "குழந்தை வெளியேதானே இருக்கு? நேரா கேட்டுடலாம்."

"கேக்காதீங்க சார். கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளை மனசுல ஏத்தி வச்சிருக்காங்க. இப்ப அவ சொல்றது சாட்சி இல்லை, நாம குடுத்ததைத் திருப்பிக் குடுப்பா, அவ்வளவுதான்" என்றேன். யார் கேட்டார்கள்? கதவு திறந்தது.

பட்டாணி அண்ணியின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தலைவர் தேன் ஒழுகக் கேட்டார்: "பாப்பா, தூங்கம்மா உன்னைப் பூட்டினாங்களா?"

"பூட்டினாங்க."

"சும்மா யாராவது சொன்னாங்களா? நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

தலைவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அப்போதுதான் பட்டாணி திரும்பி, கதவருகே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அண்ணியின் விரலை உதறிவிட்டு ஓடினாள். தூங்கம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, புகார் சொல்கிற குரலில் சொன்னாள்:

"தூங்கம்மா, நீங்க இனிமே வர மாட்டீங்களாம்."

"யாருடி சொன்னா?" என்றார் தூங்கம்மா.

"எல்லாரும் சொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் அப்போ தூங்க மாட்டேன்னு சொன்னேன்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "கேட்டீங்களா? 'வர மாட்டீங்களாம்'ங்கறா. 'சொன்னேன்'ங்கறா. அடுத்தவங்க சொன்னதுக்கு ஆம் போடுறா, தான் சொன்னதுக்குப் போடலை. இதுக்கு மேல என்ன வேணும்? தன்னைப் பூட்டி வச்சவங்க மடியிலயா ஒரு பிள்ளை இப்படி ஓடிப்போய் ஏறும்?" அண்ணி மடியில் இருந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் கலங்கிப்போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன். அதற்குள் தலைவர், முடிவை எழுத்தில் தெரிவிப்போம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

கூட்டக் குறிப்பு கையெழுத்துக்காக என் மேஜைக்கு வந்தது. முதல் பக்கம் முழுக்கப் பூசி மெழுகியிருந்தார்கள். கடைசியில் இப்படி இருந்தது: 'ஊழியரைக் கண்டதும் குழந்தை அவரிடம், "நீங்கள் இனிமேல் வரமாட்டீர்கள்" என்று கூறியது. குழந்தையின் மனநிலையைக் கருத்தில் கொண்டு, ஊழியரைப் பணியிலிருந்து விடுவிக்கக் குழு முடிவு செய்தது.'

திரும்பத் திரும்பப் படித்தேன். மடியில் ஏறி உட்கார்ந்து, போகாதே என்று சொல்லத் தெரியாமல் சொன்ன பிள்ளையை, வெளியே போ என்று விரட்டியவளாக ஆக்கிவிட்டார்கள். தீர்ப்பை எழுதிய கை பட்டாணியின் கை என்று காட்டிவிட்டார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு மாணவியிடம் போனேன்.

"மறுபடியும் எடுத்துட்டியே, பாவி!"

அவள் அழுதேவிட்டாள். "நான் 'வரமாட்டீர்களாம்'னுதான் அடிச்சேன் மேடம். சார்தான் இது பேச்சு வழக்கு, குறிப்புல வரக்கூடாதுன்னு எடுக்கச் சொன்னார்."

முதல் தடவை தெரியாமல் செய்தார்கள், சரி. இந்தத் தடவை தெரிந்தே செய்தார்கள். தலைவரின் அறைக்குப் போய், அவர் கண் முன்னாலேயே அந்த வரியில் 'ஆம்' என்று பெரிதாக எழுதினேன். கையால் திருத்தினால் செல்லாது என்றார். "அப்போ என் கையெழுத்தும் உங்களுக்குக் கிடைக்காது. உங்க ஆய்வுப் பதிவு எல்லாத்தையும் நான் முதல்லேருந்து கேக்கப்போறேன். காணாமப்போன ஒவ்வொரு 'ஆம்'மையும் எடுத்து எழுதி, உங்க அறிக்கையைப் படிச்சவங்க எல்லாருக்கும் அனுப்பப்போறேன்" என்றேன். மாணவி என் பின்னாலேயே வந்து, தானும் உட்கார்ந்து கேட்பதாகச் சொன்னாள். அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. நல்லதுதான். ஆனால் அதெல்லாம் முடிந்து ஊர் சிரிக்கும்போது தூங்கம்மாவின் சந்தில் யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பட்டாணி மாடியில் என் கட்டிலில் கிடந்தாள். மதியம் முழுக்கத் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை."

"என்னடி?"

"தூங்கம்மாவை நான்தான் வர வேண்டாம்னு சொன்னேனாம்."

காகிதம் வீட்டுக்கும் வந்திருக்கிறது, யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதைக்கு அந்த ஆம் அங்கே இருக்கிறது. தான் சொன்னதாகப் பிறர் சொல்கிறார்கள் என்று பிள்ளைக்கு இன்னும் தெரிகிறது. இன்னும் நாலு பேர் நாலு தடவை சொன்னால் அது உதிர்ந்துவிடும். பிறகு அந்தத் தொடையும் அந்தத் தட்டலும் மறந்துபோகும். இருட்டும் பல்லியும் மிஞ்சும். தான்தான் அந்த அம்மாளைத் துரத்தினோம் என்பது ஆயுசுக்கும் மிஞ்சும். இது எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ளத்தானே நான் படித்தேன்?

"இல்லடி" என்றேன். "நீ அப்படிச் சொல்லவே இல்லை. நான் அங்கேதான் இருந்தேன். நீ ஓடிப்போய் அவங்க மடியில ஏறி உக்காந்தே. கழுத்தைக் கட்டிக்கிட்டே. அவங்க வரலேன்னா தூங்க மாட்டேன்னு சொன்னதா அவங்ககிட்டயே சொன்னே. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ யாரு வர வேண்டாம்னு சொன்னது?"

நிமிர்ந்தேன். கையில் பால் டம்ளரோடு அண்ணி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டேதான் பிள்ளைக்குப் பதில் சொன்னேன்.

"நாங்க பெரியவங்கதான் சொன்னோம். சொன்னோமாம் இல்லை, பட்டாணி. சொன்னோம்."